இடி விழுந்த கலசத்தில் இரிடியமா?

கேள்வி: இடி விழுந்த கோயில் கலசத்தில் செம்பு இரிடியமாக மாறிவிடுமாம். அரிசியைக் காட்டினால் இழுக்குமாம். வெளிநாட்டு பார்ட்டி கோடிக்கணக்கில் வாங்கத் தயார், டெஸ்டிங் செலவுக்கு 5 லட்சம் போட்டால் பங்கு உண்டு என்கிறார் என் மைத்துனர். போடலாமா?

பதில்: போடலாம், 5 லட்சம் போனால் போகட்டும் என்றால்.

இரிடியம் என்று ஓர் உலோகம் நிஜமாகவே இருப்பதுதான் இந்த ஆட்களுக்கு வசதி. 1803-ல் லண்டனில் ஸ்மித்சன் டென்னன்ட் கண்டுபிடித்தார். பிளாட்டினத்தை ராஜதிராவகத்தில் கரைத்தபோது, கரையாமல் அடியில் தங்கிய கறுப்புப் பொடியில் இருந்தது அது. தங்கத்தையே கரைக்கும் திராவகத்துக்கு மசியாத உலோகம்! உருகுவதற்கு 2,446 டிகிரி செல்சியஸ் வேண்டும். செம்புக்கு 1,085 போதும். கலசம் வார்த்த உலையில் இரிடியத்தைப் போட்டிருந்தால் சூடாகியிருக்கும், அவ்வளவுதான்.

மின்னல் மாற்றிவிட்டது என்பது அதைவிட வேடிக்கை. செம்பு அணுவில் 29 புரோட்டான், இரிடியத்தில் 77. மின்னல் செம்பை உருக்கும், ஓட்டை போடும். மிச்சம் 48 புரோட்டானை எங்கிருந்து கொண்டுவரும்?

அரிசி விஷயத்துக்கு வருவோம். இரிடியம் இரும்பையே இழுக்காது, அரிசியை எங்கே இழுக்க! அரிசியில் இரும்புத்தூளை ஒட்டி, உள்ளே காந்தத்தை ஒளித்து வைத்தால் உங்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பும் இழுக்கும். டெஸ்டிங்தான் வேண்டுமென்றால் ஒரு தராசு போதும், 5 லட்சம் எதற்கு? ஒரு லிட்டர் பால் பிடிக்கும் இடத்தை அடைக்கும் இரிடியம் இருபத்திரண்டரை கிலோ இருக்கும். செம்பு 9 கிலோகூட வராது.

அசல் இரிடியம் விலை உயர்ந்ததுதான். பெரும்பகுதி தென்னாப்பிரிக்கப் பிளாட்டினச் சுரங்கங்களில் உபபொருளாகக் கிடைத்து, முறையான வியாபாரிகள் வழியாகவே போகிறது. கோபுரம் ஏறி வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. விலை கூடிய ஸ்பார்க் பிளக்கின் நுனியில் இருக்கிறது. மைத்துனரின் பைக்கிலேயே கூட இருக்கலாம். 2019 வரை உலகத்துக்கே கிலோவாக இருந்த பாரிஸ் எடைக்கல்லில் பத்தில் ஒரு பங்கு இரிடியம். அதன் கதிரியக்க வகையான இரிடியம்-192 கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தருகிறது.

பணம் ஏற்கெனவே கைமாறிவிட்டதா? வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல், எழுதிக்கொடுத்த தாள் ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, மாவட்டக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். மைத்துனரையும் கூட்டிக்கொண்டு.