கிதார் கேள்வி–பதில்: நெக் ஏன் கையில் ஒட்டுகிறது?

கே: கிப்ஸன் லெஸ் பால் ஸ்டாண்டர்டு மின்கிதாரில் 50ஸ், 60ஸ் (1950கள், 1960களின் பாணி) என்று இரண்டு வருகின்றன. நெக் (கையால் பற்றும் கழுத்துப் பகுதி) மட்டும்தான் வித்தியாசமா? எனக்குக் கை சிறியது. நெக் மெல்லியது என்பதால் 60ஸ் வாங்குவதே சரி என்கிறார்கள். (கோவை வாசகர்)

ப: பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின்குறியாக்கும் காந்தச் சுருள்) வேறு, ட்யூனரும் (கம்பியை முறுக்கும் திருகாணி) வேறு. 50ஸில் பர்ஸ்ட்பக்கர் 1, 2 பிக்கப்புகளும் பழைய பாணி ட்யூனர்களும் இருக்கும். 60ஸில் 61 வகை பர்ஸ்ட்பக்கரும் க்ரோவர் ட்யூனரும். ஆனாலும் வாங்குபவர் தடுமாறுவது நெக்கில்தான். இரண்டும் மஹாகனி, இரண்டிலும் ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு (விரல் அழுத்தும் பலகை), ரேடியஸ் (அந்தப் பலகையின் மேல்வளைவின் ஆரம்) 12 அங்குலம். பின்பக்கத் தடிமன்தான் வேறு. 60ஸின் ‘ஸ்லிம் டேப்பர்’ எனும் மெல்லிய நெக், முதல் ஃப்ரெட்டில் (பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) ஏறத்தாழ 20 மி.மீ., 12-ஆம் ஃப்ரெட்டில் 22 மி.மீ. 50ஸ் அதைவிட 2 முதல் 3 மி.மீ. கூடுதல். காகிதத்தில் அற்பமாகத் தெரியும். கையில் பிடித்தால் வேறு கருவி போலிருக்கும்.

சிறிய கைக்கு மெல்லிய நெக் என்ற கணக்கு எப்போதும் பலிப்பதில்லை. கட்டைவிரலை நெக்கின் நடுமுதுகில் ஊன்றி வாசிப்பவருக்கு ஸ்லிம் டேப்பர் சுகம். கட்டைவிரலை மேலே வளைத்துப் பிடித்து பெண்ட் செய்பவருக்கு (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றுபவர்) உள்ளங்கை நிரம்ப வேண்டும். மெல்லிய நெக்கில் அவர் விரல்களை இடுக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால், அரைமணி நேரத்தில் கட்டைவிரல் அடித்தசை வலிக்கத் தொடங்கும். கடையில் சும்மா நான்கு லிக் (சிறு இசைத்துணுக்கு) வாசித்துவிட்டு வராதீர்கள். பத்து நிமிடம் விடாமல் பாரே கார்டு (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் பிடி) பிடியுங்கள், பிறகு 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே பெண்ட் செய்யுங்கள். எந்த இடத்தில் கை அலுக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

நெக்கின் கடைசி வடிவம் கையால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதுதான் வருகிறது. அதனால் ஒரே மாடலில் இரண்டு கிதார் துல்லியமாக ஒன்றாக இருக்காது. தடிமன் அளக்கும் வெர்னியர் அளவி கொண்டுபோங்கள். கம்பியைத் தளர்த்தக் கடைக்காரர் விடமாட்டார். கம்பியோடு சேர்த்தே அளந்து, வீட்டிலுள்ள கிதாரையும் அதே ஃப்ரெட்டில் அதே முறையில் அளந்து ஒப்பிட்டால் போதும்.

கே: ஃபெண்டரில் ‘மாடர்ன் சி’, ‘டீப் சி’, ‘மாடர்ன் டி’, பி.ஆர்.எஸ்ஸில் ‘பேட்டர்ன்’, ஐபனெஸில் ‘விஸார்டு’ என்று நெக் வடிவத்துக்கு ஆளுக்கொரு பெயர். வாசித்துப் பார்க்காமல் இவற்றை ஒப்பிட வழி உண்டா? (மதுரை வாசகர்)

ப: பெயரை வைத்து ஒப்பிட முடியாது. ‘சி’, ‘டி’ என்பவை நெக்கின் குறுக்குவெட்டு வடிவம்; ஆனால் ஒரு நிறுவனத்தின் ‘சி’ இன்னொன்றின் ‘சி’ அல்ல. ஐந்து எண்களைக் கேட்டு வாங்குங்கள்: முதல் ஃப்ரெட் தடிமன், 12-ஆம் ஃப்ரெட் தடிமன், நட் (நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) அகலம், ரேடியஸ், ஸ்கேல் நீளம் (கம்பி அதிரும் நீளம்). மாடர்ன் சி ஏறத்தாழ 21 மி.மீ.யில் தொடங்கி 23-இல் முடியும். ஐபனெஸ் சூப்பர் விஸார்டு எச்.பி. 17, 19 மி.மீ. அளவில் நிற்கும்; ரேடியஸ் 430 மி.மீ., கிட்டத்தட்ட தட்டை. பெரும்பாலான பி.ஆர்.எஸ். கிதார்களில் 10 அங்குல ரேடியஸ், 25 அங்குல ஸ்கேல். ஃபெண்டரின் 25.5-க்கும் கிப்ஸனின் 24.75-க்கும் நடுவில் நிற்பதால், அதே கம்பி ஃபெண்டரைவிடச் சற்று இளகலாக இருக்கும்.

எந்தப் பட்டியலிலும் வராத ஒன்று தோள். நெக்கின் பக்கவாட்டில், ஃப்ரெட்போர்டுக்குச் சற்றுக் கீழே எவ்வளவு மரம் விட்டிருக்கிறார்கள் என்பது அது. நடுவில் ஒரே 21 மி.மீ. இருந்தாலும், தோளில் மரம் விட்ட ‘டி’ கைக்குப் பெரிதாகவும், தோளைச் சீவிய ‘சி’ சிறிதாகவும் தெரியும். ஃபெண்டர் அல்ட்ராவின் மாடர்ன் டி மெல்லியதுதான், ஆனால் தோள் அகலம். ஃப்ரெட்போர்டு விளிம்பை உருட்டியிருக்கிறார்களா என்பதும் முக்கியம். புதிய கிதார் பழகியது போல் இருப்பதற்குப் பாதிக் காரணம் அந்த உருட்டல்தான் என்பேன்.

கே: பளபளப்பு ஃபினிஷ் (பூச்சு) உள்ள நெக். மேடையில் வியர்த்ததும் கட்டைவிரல் ஒட்டிக்கொள்கிறது, பொசிஷன் மாற முடியவில்லை. தேய்த்து சாட்டின் (பளபளப்பு மங்கிய பரப்பு) ஆக்கலாமா? (சென்னை வாசகர்)

ப: முதலில் என்ன ஃபினிஷ் என்று தெரிந்துகொள்ளுங்கள். லெஸ் பாலில் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், சுருக்கமாக நைட்ரோ. வெப்பத்திலும் தோல் எண்ணெயிலும் அது இளகும்; சென்னை மே மாதத்தில் ஒட்டுவது அதன் குணம். பாலியூரத்தேன், பாலியெஸ்டர் (இரண்டையும் பாலி என்பார்கள்) இளகாது. அதில் ஒட்டுவதாகத் தெரிவது, வழவழப்பான பரப்பில் வியர்வையும் அழுக்கும் சேர்ந்து படர்ந்த படலம்.

ஆகவே தேய்ப்பதற்கு முன் துடையுங்கள். ஈரம் பிழிந்த பனியன் துணி, அதன்பின் லைட்டரில் ஊற்றும் நாப்தா சில துளிகள். நாப்தா இரண்டு ஃபினிஷையும் கெடுக்காது. நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், ஸ்பிரிட் மூன்றும் நைட்ரோவைக் கரைக்கும். பாதிப் பேருக்குத் துடைப்பதோடு வேலை முடிந்துவிடும்.

அப்படியும் ஒட்டினால் மட்டும் சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட் பேடு அல்லது 0000 ஸ்டீல் வுல் (மிக நுண்ணிய இரும்பிழைப் பஞ்சு) எடுங்கள். ஸ்காட்ச்-பிரைட்டையே பரிந்துரைப்பேன். ஸ்டீல் வுல் உதிர்க்கும் இரும்புத்தூள் பிக்கப் காந்தத்தில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு. நான்கு ஸ்க்ரூ போட்ட ஃபெண்டர் என்றால் நெக்கைக் கழற்றிவிடலாம். லெஸ் பாலில் பிக்கப்புகளை முழுக்க டேப்பால் மூடுங்கள். ஹெட்ஸ்டாக் (ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதி) வளைவுக்குக் கீழே ஒரு வரி, பாடி தொடங்கும் இடத்தில் ஒரு வரி மாஸ்கிங் டேப். நடுவில் மட்டும், நெக்கின் நீளவாக்கில், கையின் எடைக்கு மேல் அழுத்தாமல் 20 முறை தேய்த்துத் துடைத்து, பிடித்துப் பாருங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் தெரியும்.

பேடில் வெள்ளைத்தூள் வந்தால் மேல்பூச்சு. சிவப்போ பழுப்போ வந்தால் நிறுத்துங்கள், நிறப்பூச்சைத் தொட்டுவிட்டீர்கள். நைட்ரோ மெல்லியது, விளிம்புகளில்தான் முதலில் மரம் தெரியும். பாலி கொஞ்சம் தாங்கும். மனம் மாறினால் பாலிஷிங் காம்பவுண்டு போட்டுப் பழைய பளபளப்பைக் கொண்டுவரலாம். பழைய, சேகரிப்பு மதிப்புள்ள கிதாரில் இதைச் செய்யவே வேண்டாம், விலை சரியும். கை வைக்கும் இடத்தில் லாக்கர் பிசின் போல் குழைந்திருந்தால் அது சிதையத் தொடங்கிய ஃபினிஷ். தேய்ப்பதால் பயனில்லை, லூதியரிடம் (கிதார் செய்து பழுதுபார்ப்பவர்) கொடுங்கள்.

கே: சாட்டின் நெக் வாங்கினேன். இப்போது அதுவே பளபளக்கிறது. ஃபினிஷ் போய்விட்டதா? (திருச்சி வாசகர்)

ப: போகவில்லை. சாட்டினின் நுண்ணிய மேடுகளை உங்கள் கை தேய்த்து மழுக்கியிருக்கிறது. மேலே சொன்ன பேடால் லேசாகத் தேய்த்தால் சாட்டின் திரும்பும்; சில மாதத்தில் மறுபடி பளபளக்கும்.

கே: மியூசிக் மேனின் எண்ணெய்–மெழுகு நெக் சாம்பல் நிறமாகிவிட்டது. (யாழ்ப்பாண வாசகர்)

ப: மேப்பிள் மரத்தில் மேல்பூச்சு ஏதும் இல்லாததால் அழுக்கு இழைக்குள் இறங்குகிறது. அந்த வெறும்மரத் தொடுகைக்குக் கொடுக்கும் விலை அது. எண்ணெய்ச் சோப்பு தொட்ட ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். தண்ணீர் ஊறினால் இழை எழும்பும். போகாவிட்டால் 0000 ஸ்டீல் வுல். பிறகு துப்பாக்கிக் கட்டைக்குப் போடும் எண்ணெயை ஒரே ஒரு மெல்லிய கோட், பத்து நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட்டு 24 மணி நேரம் காயவிட்டு, மேலே மெழுகு. நாலைந்து கோட் போட்டால் பளபளப்பு நெக்காகிவிடும், நீங்கள் தப்பிக்க நினைத்த அதே ஒட்டல் வரும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். இவ்வகை எண்ணெயில் சேரும் ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடேறித் துணி தானே தீப்பிடிக்கக்கூடும். விரித்து வெளியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள்.

கே: ரப்பர் வைத்த ஸ்டாண்டில் நைட்ரோ கிதாரை நிறுத்தலாமா? (ஈரோடு வாசகர்)

ப: கூடாது. ரப்பரிலும் வினைலிலும் உள்ள வேதிப்பொருள் லாக்கரை உருக்கி நெக்கில் தழும்பு விடும். ‘நைட்ரோவுக்குப் பாதுகாப்பானது’ என்று அச்சிட்ட ஸ்டாண்டு வாங்குங்கள். கிடைக்கும்வரை தொடும் இடங்களில் பருத்தித் துணி சுற்றுங்கள்.