சுற்றளவு தெரியும், ஆரம் தெரியாது: வட்டக் கணக்கு கேள்வி பதில்

கேள்வி: சுற்றளவு 88 செ.மீ. எனக்குப் பரப்பளவு 2464 வருகிறது, விடை 616 என்று இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: 88-ஐ 22/7-ஆல் வகுத்து, வந்த 28-ஐ ஆரம் என்று எடுத்துக்கொண்டீர்கள். அது விட்டம். பாதி, அதாவது 14தான் ஆரம். விடை சரியாக நான்கு மடங்கு வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: ஆரம் கண்டுபிடித்து, வர்க்கமாக்கி, மறுபடி பையால் (π, சுமார் 22/7) பெருக்கி... சுருக்கு வழி இல்லையா?

பதில்: இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த வழி. சுற்றளவில் பாதியை ஆரத்தால் பெருக்குங்கள். 44 × 14 = 616. அவ்வளவுதான்.

ஏன் என்று பார்த்துவிடுவோம். நூலை நெருக்கமாகச் சுற்றிச் சுற்றி ஒரு வட்டத் தட்டு செய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பிலிருந்து மையம் வரை ஒரே வெட்டு. நூல்களை நிமிர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் 88 செ.மீ. நூல், மேலே போகப் போகக் குட்டை, உச்சியில் வெறும் புள்ளி. முக்கோணம் வந்துவிட்டது! அடி 88, உயரம் 14. பரப்பளவு இரண்டின் பெருக்கலில் பாதி. வட்டத்தின் பரப்பு இப்படி ஒரு முக்கோணத்துக்குச் சமம் என்று ஆர்க்கிமிடீஸ் நிறுவினார். கி.பி. 499-இல் ஆரியபட்டர் தந்த விதியும் அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்குவதுதான்.

கேள்வி: சுற்றளவு 44 என்றால் விடை 154. கால்குலேட்டரில் 154.06 வருகிறதே?

பதில்: 22/7 என்பது 3.1429, பையின் மதிப்பு 3.1416. சுற்றளவிலிருந்து பரப்பளவுக்குப் போகும்போது மொத்தத்தில் பையால் வகுக்கிறோம்: சுற்றளவின் வர்க்கம் ÷ (4 × பை). வகுக்கும் எண் கொஞ்சம் பெரிதானதால் விடை கொஞ்சம் குறைந்தது. ஆரத்திலிருந்து தொடங்கினால் இது தலைகீழ்.

கேள்வி: சுற்றளவு இரட்டித்தால்?

பதில்: ஆரம் இரண்டு மடங்கு, பரப்பளவு நான்கு மடங்கு.

கேள்வி: மரத்தைச் சுற்றி நாடா பிடித்தேன், 157 செ.மீ. இதை வைத்துக் கணக்குப் போட்டால் நம்பலாமா?

பதில்: தாராளமாக. பையை 3.14 என்று வைத்தால் இரண்டு பை 6.28; 157 ÷ 6.28 = 25 செ.மீ. ஆரம். அப்புறம் 78.5 × 25 = 1962.5 ச.செ.மீ. நாடா 1 செ.மீ. தளர்ந்திருந்தாலும் ஆரத்தில் 2 மி.மீ. கூட மாறாது. ஆனால் பரப்பளவில் சுமார் 25 ச.செ.மீ. ஏறிவிடும், அதனால் நாடாவை இறுக்கமாக, சாயாமல் பிடியுங்கள். மரம் அச்சு அசல் வட்டமாக இல்லையென்றால் உண்மைப் பரப்பு இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஒரே சுற்றளவுள்ள உருவங்களில் வட்டத்துக்குத்தான் பரப்பு அதிகம்.