வால்வு ரிப்பேர் நம் ரத்தத்துக்கு ஒத்துவராதா?

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 54 வயது, மைட்ரல் வால்வில் (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் கதவு) கடுமையான லீக், வால்வின் இதழ் ஒன்று பின்பக்கமாகச் சரிகிறது என்று எக்கோ ஸ்கேனில் வந்திருக்கிறது. ஊரில் பார்த்த டாக்டர் "பம்பிங் 58 இருக்கு, நல்லாத்தான் இருக்கு, அவசரம் இல்லை" என்றாராம். திருவனந்தபுரத்தில் பார்த்தவர் ரிப்பேர் செய்துவிடலாம் என்றாராம். இதற்கு நடுவில் அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் அக்கா போன் செய்து, "வால்வு ரிப்பேருக்கு அப்புறம் வெள்ளைக்காரர்களுக்குக் கிடைக்கிற பலன் மற்ற இனத்துக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை என்று இங்கே ஆய்வுகள் சொல்லுது, யோசிச்சுச் செய்யுங்க" என்று ஒரு குண்டைப் போட்டுவிட்டார். நம் இனத்துக்கு ரிப்பேர் சரிவராதா, பேசாமல் வால்வையே மாற்றிவிடலாமா, கோட்டாறு சவேரியார் திருவிழா முடியட்டும் என்று அம்மா சொல்கிறாரே, பொறுக்கலாமா என்று மூன்று கேள்விகள்.

அக்கா சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்த ஆய்வுகளை முழுதாகப் படித்தால் கதை வேறு மாதிரி போகும். அமெரிக்காவில் மைட்ரல் லீக்கோடு வரும் கறுப்பினத்தவர்கள் வெள்ளையர்களைவிட இளவயதிலேயே வருகிறார்கள், ஆனால் நோய் முற்றியபின் வருகிறார்கள். கூடவே ரத்த அழுத்தம், சர்க்கரை, கிட்னிக் கோளாறு, நுரையீரலில் நீர் கோத்து எமர்ஜென்சியில் சேர்வது எல்லாம் அவர்களிடம் அதிகம். வந்தவர்களுக்கும் ரிப்பேர் குறைவாக, வால்வு மாற்றுவது அதிகமாக நடக்கிறது. இந்த வித்தியாசங்களை எல்லாம் கணக்கில் எடுத்துச் சமன் செய்து பார்த்த பல ஆய்வுகளில், ஆபரேஷனை ஒட்டிய மரணத்தில் தெரிந்த இடைவெளி பெருமளவு சுருங்கிவிடுகிறது, சிலவற்றில் காணாமலே போகிறது. அதாவது ஆபரேஷன் மேசைக்கு வந்து சேரும் வழியிலேயே பாதி வித்தியாசம் நடந்து முடிந்துவிட்டது.

வால்வு சிகிச்சை யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதிலேயே அது தெரியும். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் இருக்கும் இன்னொரு வால்வு அயோர்டிக். அதைத் தொடை ரத்தக்குழாய் வழியாக வைக்கும் டாவி சிகிச்சை அமெரிக்காவில் பரவ ஆரம்பித்த 2011 முதல் 2016 வரையிலான தேசியப் பதிவேட்டில் வெள்ளையர்கள் 90 சதவீதத்துக்கு மேல், கறுப்பினத்தவர்கள் 4 சதவீதத்துக்குள்தான். அந்த நாட்டு மக்கள்தொகையில் அவர்கள் ஏறக்குறைய 13 சதவீதம். அந்த 4 சதவீதத்துக்குள் வந்துவிட்டவர்களுக்கு ஓராண்டில் இறப்பு விகிதம் வேறுபடவில்லை.

இன்னொரு விஷயம், அந்த ஆய்வுகளில் "ஆசியர்" என்று ஒரே கட்டத்தில் சீனர், பிலிப்பைன்ஸ்காரர், குஜராத்தி, நம்ம குளச்சல்காரர் எல்லோரையும் போட்டுவிடுவார்கள். அதை வைத்து உங்கள் அம்மாவின் வால்வைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

சரி, அப்படியானால் உடம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்றால், உண்டு, அது வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. எக்கோ ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பம்பிங், அதாவது இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்ற எண். லீக் இல்லாத இதயத்துக்கு 58 என்பது நல்ல எண்தான். லீக் உள்ள இதயத்துக்கு அப்படி இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தத்தில் ஒரு பகுதி அழுத்தம் குறைந்த மேலறைக்குச் சுலபமாகப் பின்னோக்கிப் போய்விடுகிறது, இதயம் சிரமம் இல்லாமல் காலியாவதால் பம்பிங் எண் உண்மையைவிட அழகாகத் தெரியும். அதனால்தான் கடுமையான மைட்ரல் லீக்கில் பம்பிங் 60 அல்லது அதற்குக் கீழே வந்தாலே ஆபரேஷனுக்கு நேரமாகிவிட்டது என்று வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. உங்கள் அம்மாவுக்கு 58. "நல்லாத்தான் இருக்கு" என்ற அந்த வாக்கியம் எத்தனை வீட்டில் ஒரு வருஷத்தை, இரண்டு வருஷத்தைத் தின்றிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அடுத்து எல்.வி.ஐ.டி.எஸ். என்று ஒரு அளவு இருக்கும், இதயம் சுருங்கி முடித்த நிலையில் இடது கீழறையின் அகலம். அது 40 மில்லிமீட்டரைத் தொட்டால் ஆபரேஷன் என்பது விதி. நீங்கள் அனுப்பியதில் 39. ஆனால் அந்த 40 சராசரி உடல்வாகு உள்ளவர்களுக்கான எண், உடம்பு ரொம்பச் சின்னதாகவோ பெரிதாகவோ இருந்தால் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய வழிகாட்டியே 2021இல் சொல்லியிருக்கிறது. அங்கே சராசரி என்றால் ஆறடியை எட்டிப் பிடிக்கிற ஆட்களும் சேர்ந்ததுதானே. உங்கள் அம்மா நாலடி பத்து அங்குலம், 48 கிலோ. அவருடைய இதயத்துக்கு 39 என்பது ரொம்பப் பெரிய அளவு. இனம் என்று பேசப்படும் பல விஷயங்கள் கடைசியில் இப்படி ஒரு அளவுகோலில்தான் வந்து நிற்கின்றன.

போதாததற்கு, மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்றே போதும். அவசரம் இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை.

நம் மாவட்டத்தில் தாமதம் எப்படி நடக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிற ஒரு அம்மா, விடியற்காலையில் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மேட்டிலும் சரிவிலும் மரம் மரமாக நடக்கிறவர், பாதித் தோட்டத்தில் உட்கார ஆரம்பித்தார். ஒரு கிளினிக்கில் வீசிங் என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் அதை இழுத்தார். ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் சரியாகிறது என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு நிமிஷம் கேட்டிருந்தால் லீக் சத்தம் கேட்டிருக்கும். என்னிடம் வந்தபோது பம்பிங் 40. ஆபரேஷன் நடந்தது, பிழைத்தார், ஆனால் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. இவரை ஒரு அமெரிக்க ஆய்வில் சேர்த்தால் "ஆசியர், பலன் சுமார்" என்று பதிவாகும்.

இனி ரிப்பேரா மாற்றா. உங்கள் அம்மாவுக்கு இதழ் சரிந்து வரும் லீக், அதாவது வால்வைப் பிடித்திருக்கும் நாண் நீண்டோ அறுந்தோ போனது. இந்த வகைக்கு ரிப்பேர்தான் முதல் தேர்வு, சொந்த வால்வு தங்கும், காலம் முழுக்க ரத்தம் இளக்கும் மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. பக்கத்து வீட்டில் யாருக்கோ ரிப்பேர் பண்ண முடியாது என்றார்களே என்று கேட்பீர்கள். அது அநேகமாக ருமாட்டிக் வால்வாக இருக்கும். சின்ன வயசில் தொண்டைப் புண், அதைத் தொடர்ந்து மூட்டுவலிக் காய்ச்சல், அது வால்வைத் தடிக்க வைத்து இதழ்களை ஒட்ட வைத்துவிடும். அப்படிப்பட்ட வால்வில் சுருக்கம் மட்டும் இருந்தால் பலூன் வைத்து விரிக்கலாம், லீக்கும் சேர்ந்தால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். இந்த நோயையும் ஒரு காலத்தில் இனத்தோடு முடிச்சுப் போட்டார்கள். ஐரோப்பாவில் வீடுகளில் நெரிசல் குறைந்து பென்சிலினும் வந்தபின் அங்கே அநேகமாக ஒழிந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகளிடமும் நியூசிலாந்தின் மாவோரிகளிடமும் இன்றைக்கும் இருக்கிறது. ஒரே நாடு, ஒரே மருந்து, வீடுகள்தான் வேறு.

ரிப்பேர் என்று முடிவானால் யார் செய்கிறார் என்பதுதான் பெரிய கேள்வி. நியூயார்க் மாநிலத்தில் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், வருஷத்துக்கு 25 மைட்ரல் ஆபரேஷனுக்குக் குறைவாகச் செய்யும் சர்ஜன்களிடம் ரிப்பேராக முடிவது குறைவு என்று தெரிந்தது, மீதிப் பேருக்கு வால்வையே மாற்றிவிடுகிறார்கள். அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள்: "சார், வருஷத்துக்கு எத்தனை மைட்ரல் ரிப்பேர் பண்றீங்க? இந்த மாதிரி வால்வில் எத்தனை ரிப்பேராவே முடிஞ்சது? முடியாமப் போனா எந்த வால்வு வைப்பீங்க?" நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அந்த மருத்துவமனையில் செல்லுமா, ரிப்பேரின்போது வால்வைச் சுற்றித் தைக்கும் வளையமும் அதில் அடங்குமா என்பதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.

எந்த வால்வு என்ற கேள்விக்கு வரும் பதில் ஏன் முக்கியம் என்றால், உலோக வால்வு வைத்தால் வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் என்ற ரத்தம் இளக்கும் மாத்திரை, ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். டெஸ்ட் அவ்வப்போது. நம் பக்கத்து ஊரான திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனத்திலேயே உருவாக்கி 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதருக்கு வைத்த சித்திரா வால்வுக்கும் இதே கதைதான், வால்வு விலை குறையலாம், மாத்திரை குறையாது. மைட்ரல் இடத்தில் ஐ.என்.ஆர். 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் திரும்பாதவருக்கு நடுக்கடலில் யார் ரத்தம் எடுப்பார்கள், தூண்டில் கிழித்தால் ரத்தம் எப்போது நிற்கும்? தொழில் என்ன என்று சர்ஜன் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

இந்த மாத்திரையில் மரபணுவுக்கு உண்மையிலேயே பங்கு உண்டு. சராசரியாகப் பார்த்தால் கிழக்காசியர்களுக்குக் குறைந்த அளவே போதும், ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குக் கூட வேண்டும். அப்படியானால் மரபணுவைப் பார்த்தே அளவு சொல்லலாமே என்று அமெரிக்காவில் சோதித்தார்கள், 2013இல் முடிவு வந்தது, கறுப்பினத்தவர்களுக்கு அந்தக் கணக்கு வழக்கமான முறையைவிட மோசமாக வேலை செய்தது. சும்மா ரத்தம் எடுத்து ஐ.என்.ஆர். பார்ப்பது எல்லா இனத்துக்கும் பொதுவான வழி. ரிப்பேருக்குப் பிறகும் சில டாக்டர்கள் முதல் மூன்று மாதம் இந்த மாத்திரையைக் கொடுப்பார்கள். அப்போது முருங்கைக்கீரையை நிறுத்த வேண்டாம், வாரம் எவ்வளவு சாப்பிடுகிறாரோ அதே அளவில் சாப்பிடட்டும். மரச்சீனியும் மீனும் தாராளமாக. வலி என்று கடையில் டைக்ளோபினாக் வாங்கி விழுங்குவதும், கேட்காமல் கஷாயம் குடிப்பதும்தான் கூடாது.

வீட்டுக்கு வந்தபின் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 95 காட்டுகிறதே என்று மூச்சுத் திணறலை அலட்சியம் செய்யாதீர்கள். கறுத்த தோலில் அந்தக் கருவி ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டலாம் என்பது 2020இல் வந்த ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது. எண்ணைவிட அம்மாவின் மூச்சை நம்புங்கள்.

திருவிழா விஷயம். கோட்டாறு திருவிழா டிசம்பர் 3இல் முடியும், இன்னும் ஆறு வாரம். சர்ஜனைப் பார்ப்பதைத் திருவிழாவுக்குப் பிறகு என்று வைக்காதீர்கள், இந்த வாரமே பார்த்துத் தேதி வாங்குங்கள், அவர் பொறுக்கலாம் என்று சொன்னால் பொறுக்கலாம். காத்திருக்கும் நாட்களில் செய்ய ஒரு வேலை இருக்கிறது, பல் டாக்டர். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி புது வளையத்தில் போய் உட்கார்ந்தால் அது இன்னொரு ஆபரேஷன். அம்மாவுக்குக் கடைவாயில் இரண்டு பல் ஆடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிடுங்கினால் புண் ஆற நாள் பிடிக்கும். அதனால் நாளைக்கே முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள், வால்வில் லீக் இருப்பதைச் சொல்லி எக்கோ ரிப்போர்ட்டையும் கையில் கொண்டு போங்கள்.