பழைய படங்களில் ஏன் கூட்டமே இல்லை?

அன்புள்ள சார்,

எங்கள் நகரத்தின் பழைய புகைப்படங்களைக் கொஞ்ச காலமாகச் சேர்த்து வருகிறேன். குடும்ப ஆல்பங்கள், அஞ்சலட்டைகள், நூலகத்தில் ஸ்கேன் செய்து வைத்திருப்பவை, இணையத்தில் கிடைப்பவை என்று நல்ல தொகுப்பாகவே சேர்ந்துவிட்டது. பார்க்கப் பார்க்க ஏக்கமாக இருக்கிறது. அகலமான தெருக்கள். கூட்டமில்லை, குப்பையில்லை, சத்தமில்லை. இன்று அதே இடத்தில் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. 'நாம் இழந்த நகரம்' என்று ஒரு தொடர் எழுத ஆசை. இரண்டு விஷயங்கள் தடுக்கின்றன. பெரும்பாலான படங்களில் தேதி இல்லை. இருப்பதையும் நம்பலாமா என்று தெரியவில்லை. இன்னொன்று, நண்பர்கள் சிலர் படங்களைச் செயலியில் போட்டு வண்ணமாக்கி, கூர்மையாக்கித் தருகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அவற்றைத் தொடரில் போடலாமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

தொடரைக் கண்டிப்பாக எழுதுங்கள். தலைப்பை மட்டும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். நீங்கள் சொல்லும் அந்த அமைதியான நகரத்தை யாரும் இழந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதில் பாதியைக் கேமரா உண்டாக்கியது. மீதியை, கேமராவுக்குக் காசு கொடுத்தவர்கள் உண்டாக்கினார்கள்.

நகரப் படங்களில் மிகப் பழைய ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1838ல் பாரிஸில் லூயி டாகுவேர் உயரமான ஒரு ஜன்னலிலிருந்து 'புல்வார் து தாம்ப்ள்' சாலையைப் படமெடுத்தார். நாடகக் கொட்டகைகள் வரிசையாக இருந்த, எப்போதும் நெரிசலான சாலை அது. படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. கீழே ஓர் ஓரத்தில் ஒருவர் மட்டும் காலைத் தூக்கி வைத்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்கிறார். தகட்டில் உருவம் பதியச் சில நிமிடங்கள் பிடித்த காலம். நடந்தவர்கள், வண்டிகள், குதிரைகள் எதுவும் பதியவில்லை, நின்றவர் பதிந்தார். தந்தியால் பெயர்பெற்ற சாமுவேல் மோர்ஸ் 1839ல் இந்தப் படத்தைப் பாரிஸில் பார்த்தார். ஓயாமல் மனிதர்களும் வண்டிகளும் போய்வரும் சாலை, ஷூ துடைத்துக்கொள்ளும் ஒருவரைத் தவிர ஆளே இல்லாமல் இருக்கிறது என்று வியந்து கடிதம் எழுதினார். அவருக்குச் சாலையும் தெரியும், படமும் தெரியும். நமக்குப் படம் மட்டும்தான் தெரியும். அதுதான் சிக்கல்.

1870களின் கடைசியில், உருவத்தை வேகமாகப் பதிக்கும் ஜெலட்டின் உலர் தகடுகள் விற்பனைக்கு வந்த பிறகுதான், ஓடும் குதிரையையும் நடக்கும் ஆளையும் தெருவிலேயே பிடிப்பது சாதாரண வேலையானது. அதற்கு முந்தைய படம் உங்களிடம் இருந்தால், பூதக்கண்ணாடியை வைத்துத் தரைமட்டத்தை மட்டும் பாருங்கள். புகைபோல ஒரு இழுப்பு, உடம்பில்லாத இரண்டு கால்கள், பின்னாலிருக்கும் சுவர் தெரிகிற ஒரு நாய். கூட்டம் அங்கேதான் இருக்கிறது. உலர் தகடு வந்த பிறகும், காலியான தெருவை விரும்பியவர்கள் காலியான நேரத்துக்குப் போனார்கள். பழைய பாரிஸைப் பல ஆண்டுகள் படமெடுத்த யூஜீன் அட்ஜே பல படங்களை விடிகாலையில் எடுத்தார். அந்தத் தெருக்களின் தனிமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். காலை பத்து மணிக்கு அதே தெரு எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி அவற்றில் அதிகம் வருவதில்லை. சத்தமில்லை என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். புகைப்படத்தில் எப்படிச் சத்தம் இருக்கும்?

சரி, இதெல்லாம் கேமராவின் கோளாறு. இதைவிடப் பெரிய கேள்வி, இந்தப் படத்துக்கு யார் காசு கொடுத்தார்கள், எதற்காக என்பது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற நகரப் படங்களில் பலவும் இடிக்கப் போகிறவர்கள் எடுக்கச் சொன்னவை. பாரிஸின் பழைய தெருக்களை உடைத்து அகலமான சாலைகள் போட்ட காலத்தில், உடைபடப் போகும் தெருக்களை 400க்கும் மேற்பட்ட படங்களாக எடுத்தார் சார்ல் மார்வில். அவர் நகர நிர்வாகத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர். கிளாஸ்கோவில் 1866ல் ஒரு சட்டத்தின் மூலம் நகர மேம்பாட்டு அறக்கட்டளை ஒன்று வந்தது. ஏழைகள் நெருக்கியடித்துக் குடியிருந்த சந்துகளை இடித்துத் தள்ளுவது அதன் வேலை. இடிப்பதற்கு முன் பதிவு வேண்டுமென்று தாமஸ் அன்னனிடம் வேலையைக் கொடுத்தார்கள். 1868 முதல் 1871 வரை அவர் எடுத்த படங்கள் இன்று கலைப்படைப்புகளாகக் கண்காட்சிகளில் தொங்குகின்றன. ஈரத்தரை, மேலே கழிகளில் துணி, சுவரோடு சுவராக நிற்கும் குழந்தைகள். பல குழந்தைகளுக்கு முகம் இல்லை, அசைந்துவிட்டார்கள். படத்தின் பெயர் பெரும்பாலும் ஒரு முகவரிதான், 'ஹை ஸ்ட்ரீட் 118ஆம் எண் சந்து' என்பது மாதிரி. அங்கே வாழ்ந்தவர்களின் பெயரைக் குறிப்பது அந்த வேலையில் சேர்த்தியில்லை. அவர்கள் அங்கிருந்து போக வேண்டியவர்கள்.

இதற்கு நேர் எதிரான கும்பலும் இருந்தது. லண்டனில் 1875ல், 'ஆக்ஸ்போர்ட் ஆர்ம்ஸ்' என்ற பழைய வண்டிச் சத்திரத்தை இடிக்கப் போகிறார்கள் என்றதும் சிலர் சேர்ந்து, பழைய லண்டனின் எச்சங்களைப் படமெடுக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1886க்குள் 120 படங்கள் வெளியிட்டார்கள். அருமையான படங்கள், மறுக்கவில்லை. ஆனால் ரயில் நிலையங்களும் தொழிற்சாலைகளுமாகப் பொங்கிக்கொண்டிருந்த அன்றைய லண்டனை அந்த 120 படங்களை வைத்துக்கொண்டு ஒருபோதும் ஊகிக்க முடியாது. பழையதை நேசிப்பவர்களின் கண்ணில் பழையது மட்டும்தான் படும். உங்கள் தொடருக்கும் இந்த ஆபத்து உண்டு என்பதால் சொல்கிறேன்.

மதுரையையும் தஞ்சாவூரையும் 1858ல் எடுத்த லின்னேயஸ் ட்ரைப்பின் கதை இன்னொரு மாதிரி. சென்னை அரசாங்கம் நியமித்த புகைப்படக்காரர் அவர், ராணுவ அதிகாரி. கோயில்கள், அரண்மனைகள், கல்வெட்டுகள் என்று பதிவு செய்வது வேலை. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 6 மீட்டர் நீளத்துக்கு ஒரே பட்டையாக ஆக்கியிருக்கிறார். அந்தப் பட்டையை ஒரு ஆவணமாகவே வாசிக்கலாம். ஆனால் வானத்தை நம்பக் கூடாது. அன்றைய ரசாயனத்தில் வானம் வெறும் வெள்ளையாகவே விழும். அவர் நெகட்டிவில் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்திருக்கிறார். அந்த மேகத்தைப் பார்த்து மழைக்காலம் என்று யாராவது எழுதிவிடுவார்களோ என்று எனக்கு ஒரு பயம்.

ஆகவே, என் ஓட்டு சுவாரஸ்யமில்லாத படங்களுக்கு. சாலை அகலப்படுத்த, குழாய் பதிக்க, வரி போட, நஷ்ட ஈடு கேட்க எடுத்த படங்கள். நியூயார்க்கில் 1939 முதல் 1941 வரை, சொத்து வரி மதிப்பீட்டுக்காக ஐந்து பகுதிகளிலும் இருந்த கட்டடங்களை ஒன்று விடாமல் எடுத்தார்கள். ஏழு லட்சம் படங்களுக்கு மேல். ஒவ்வொன்றிலும் மனை எண் எழுதிய பலகை ஒன்று தெரியும். அழகாக எடுக்க யாருக்கும் நேரமில்லை. ஏழை வீடும் பணக்கார வீடும் ஒரே மாதிரி எடுக்கப்பட்டன. கடையில் ஒட்டிய விலைப்பட்டியல், படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் ஆள், குப்பைத் தொட்டி எல்லாம் கேட்காமலே உள்ளே வந்துவிட்டன. உங்கள் தொகுப்பில் எத்தனை படங்கள் இந்த ரகம் என்று எண்ணிப் பாருங்கள். குறைவாக இருந்தால் அடுத்து தேட வேண்டிய இடம் ஆல்பங்கள் இல்லை, அலுவலகக் கோப்புகள்.

இனி தேதி. 'எந்த ஆண்டு' என்று நேரடியாகக் கேட்காதீர்கள். இதற்கு முன்னால் இருக்க முடியாது, இதற்குப் பின்னால் இருக்க முடியாது என்று இரண்டு பக்கமும் வேலி போடுங்கள். கட்டி முடித்த கட்டடம் ஒரு வேலி; இடித்த கட்டடம் மறு வேலி. மின்கம்பம், டிராம் பாதை, கடைப் பெயர்ப்பலகை எல்லாம் உதவும், பெயர்ப்பலகைகளை அந்தந்த ஆண்டின் முகவரிக் கையேட்டோடு ஒப்பிட்டால். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தின் ஆற்றங்கரையை 1848ல் எட்டுத் தகடுகளில் எடுத்திருக்கிறார்கள். கரையில் நின்ற நீராவிப் படகுகளின் பெயர்களைப் படகுப் போக்குவரத்துப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தே அதன் நாளைக் கணித்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தபோது தூரத்துக் கோபுரக் கடிகாரத்தின் முள்ளைக்கூடப் படிக்க முடிந்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது சான் பிரான்சிஸ்கோ கதை. மார்க்கெட் தெருவில் போகும் டிராம் ஒன்றின் முகப்பில் கேமராவை வைத்து எடுத்த சலனப்படம் அது. 1905ல் எடுத்தது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். டேவிட் கீன் என்ற ஆய்வாளர் தெருவில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரைக் கவனித்தார். படமெடுத்ததாகச் சொல்லப்பட்ட மாதத்தில் மழையே இல்லை என்று பழைய செய்தித்தாள்கள் சொல்லின. பிறகு காரின் எண் பலகையைப் பிடித்தார். அது 1906ன் தொடக்கத்தில் பதிவானது. கடைசியில், 1906 ஏப்ரல் 18 பூகம்பத்துக்குச் சில நாட்கள் முன்பு எடுத்தது என்று ஆனது. படத்தில் தெரியும் கட்டடங்களில் பெரும்பாலானவை அந்த வாரம் தாண்டவில்லை. இன்னொரு வேடிக்கை, அந்தப் படத்தில் கார்கள் எக்கச்சக்கம். உற்றுப் பார்த்தால் அதே கார்கள் கேமராவைச் சுற்றிச் சுற்றித் திரும்ப வருகின்றன. அதாவது நகரம் செழிப்பாகத் தெரிய வேண்டுமென்றால் கூட்டத்தையும் செய்துகொள்ளலாம்!

நிழலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தெரு எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரிந்தால் நிழல் நேரத்தைச் சொல்லும், பருவத்தையும் ஓரளவு சொல்லும். ஆனால் சூரியன் ஒரே பாதையில் ஆண்டுக்கு இரண்டு முறை வரும். மார்ச்சில் விழும் நிழல் செப்டம்பரிலும் விழும். அஞ்சலட்டைகளில் தபால் முத்திரை, அட்டை அனுப்பிய நாளைத்தான் சொல்லும். படம் அதற்கு வெகுகாலம் முந்தியதாக இருக்கலாம், நன்றாக விற்ற படத்தைத் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள். பின்பக்கத்தில் செய்திக்கும் முகவரிக்கும் நடுவே கோடு இருக்கிறதா பாருங்கள். பிரிட்டனில் 1902க்கும் அமெரிக்காவில் 1907க்கும் முன்னால் அது அனுமதியில்லை. இடவலம் மாறி அச்சான படங்களும் உண்டு. எழுத்து இல்லாத படமென்றால் கோட்டுப் பொத்தானையும் வண்டிகள் போகும் பக்கத்தையும் பாருங்கள்.

முடிந்தால் படமெடுத்தவர் நின்ற இடத்தில் போய் நில்லுங்கள். இதற்கு நல்ல கேமரா வேண்டாம். படத்தில் அருகிலுள்ள ஒரு சுவரின் ஓரமும் தூரத்திலுள்ள ஒரு கோபுரத்தின் ஓரமும் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இடம் வலமாக நகர்ந்து அந்த இரண்டையும் பொருத்துங்கள். அப்புறம் இன்னொரு ஜோடி. இரண்டு ஜோடிகளும் பொருந்தும் புள்ளிதான் கேமராவின் முக்காலி நின்ற இடம். லென்ஸ் மாறினால் படத்தில் அடங்கும் பரப்புதான் மாறும், இந்தப் பொருத்தம் மாறாது. சில சமயம் அந்தப் புள்ளி ஒரு மொட்டைமாடியாக இருக்கும். யார் வீட்டு மாடி, யார் அவரை ஏற விட்டார்கள்? காசு கொடுத்தவர் யார் என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தாலும் கிடைக்கும்.

கடைசியாக வண்ணம். வேண்டாம். பழைய தகடுகளுக்கு நீலம்தான் நன்றாகத் தெரியும், சிவப்பு கிட்டத்தட்ட கறுப்பாக விழும். அந்தக் கறுப்பு உண்மையில் சிவப்புச் சாயமா, பச்சையா, தாரா என்று படத்துக்கே தெரியாது. செயலிக்கு எங்கிருந்து தெரியும்? அது ஊகிக்கும். கூர்மையாக்குவது இன்னும் மோசம். மங்கலான பெயர்ப்பலகையில் இல்லாத எழுத்தை எழுதிவிடும், முகமில்லாத குழந்தைக்கு ஒரு முகத்தை ஒட்டிவிடும். நீங்கள் தேதி கண்டுபிடிக்க நம்பியிருப்பதே அந்தப் பலகையைத்தான். ஏற்கெனவே வண்ணமாக்கியவற்றைத் தனிக் கோப்புறையில் போட்டுப் பூட்டுங்கள். அசலை ஓரம் வெட்டாமல், பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். யாரிடமிருந்து வந்தது, எந்த ஆல்பத்தில் எந்தப் படத்துக்கு அடுத்து இருந்தது என்பதையும் கோப்பிலேயே எழுதுங்கள். அசலின் பின்னால் ஏதாவது குறிக்க வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தழும்பாகும்.

அன்புடன்.