திரும்பிப் பார்த்தார்களா, திருப்பிப் பார்த்தார்களா?

கேள்வி: பிரான்ஸின் அங்குலேம் காமிக்ஸ் விழாவில் விருது, பிரிட்டிஷ் மியூசியத்தில் கண்காட்சி, பாரிஸ் புத்தகக் கடைகளில் தனி அலமாரி. ஜப்பானியப் படக்கதையான மங்கா மேற்குலகையே திரும்பிப் பார்க்க வைத்துவிட்டதே, கவனித்தீர்களா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: ஒரு பேச்சுக்குத்தான் ‘திரும்பிப் பார்க்க’ என்று எழுதியிருப்பீர்கள். ஓர் எழுத்து பிசகிவிட்டது. மேற்குலகம் மங்காவைப் பல வருஷம் திருப்பித்தான் பார்த்தது. அதுவும் கண்ணாடியில். (மாங்காய்ச் சிலேடையை எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும், சீசன் முடிந்துவிட்டது.)

ஜப்பானியப் புத்தகத்துக்கு முதுகு வலப்பக்கம். நமக்குக் கடைசிப் பக்கமாகத் தெரிவதுதான் முதல் பக்கம். படக் கட்டங்களும் வசன பலூன்களும் வலமிருந்து இடமாக ஓடும். 1980களில் இதை அமெரிக்காவில் கொண்டுவந்தவர்கள், ‘நம்ம வாசகனுக்கு இது பிடிபடாது’ என்று தாங்களே தீர்மானித்து, பக்கங்களை இடவலம் மாற்றி அச்சடித்தார்கள். விளைவு, ஊரே இடக்கைக்காரர்கள் ஊர். சாமுராய் வலது இடுப்பில் செருகிய வாளை இடக்கையால் உருவுகிறான். சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி ஒன்பதாகிறது. பேஸ்பால்காரன் பந்தை அடித்துவிட்டு, முதல் தளத்துக்குப் பதிலாக மூன்றாம் தளத்தைப் பார்த்து ஓடுகிறான். உச்சம் கிமோனோ. உடுத்தியவரின் இடப்பக்க மடிப்பு மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. கண்ணாடிப் பதிப்பில் கல்யாணப் பந்தி முழுக்கப் பிணங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ஆங்கில வாசகன் அதையும் ரசித்துவிட்டுப் போனான்.

இந்தக் கூத்துக்குச் செலவு வேறு. பலூனுக்குள் இருக்கும் வசனத்தை அழித்து எழுதுவது சுலபம். படத்தோடு பின்னிக் கிடக்கும் சத்த எழுத்துகளை என்ன செய்வது? புரட்டினால் அவையும் தலைகால் புரியாமல் நிற்கும். ஒவ்வொன்றையும் அழிக்கவேண்டும், அழித்த இடத்தில் பின்னாலிருந்த சுவரையோ மழையையோ வரைந்து நிரப்பவேண்டும், அங்கே நிழல் இருந்தால் அதே அடர்த்தியில் புள்ளித்தாள் (நிழலுக்காகப் புள்ளிகள் அச்சிட்ட ஒட்டுத்தாள்) வெட்டி ஒட்டவேண்டும், அதன்மேல் ஆங்கில ‘டமால்’ எழுதவேண்டும்.

ஆகவே என் கணக்கில் அங்கீகாரம் கிடைத்த வருஷம் எந்த விருதின் வருஷமும் அல்ல. 1998இல் அமெரிக்காவின் விஸ் நிறுவனம் ‘டிராகன் பால்’ மங்காவைப் போட்டபோது, புரட்டக் கூடாது என்று அதை வரைந்த அகிரா தோரியாமா பிடிவாதமாக நின்றார், நின்றது நடந்தது. 2002இல் இன்னொரு அமெரிக்க நிறுவனமான டோக்கியோபாப் தன் புதிய வெளியீடுகளை ஜப்பானிய வரிசையிலேயே விடுவதாக அறிவித்தது. கையடக்கப் புத்தகம், விலை 9.99 டாலர். தப்பான பக்கத்தைத் திறப்பவரைத் தடுக்க, ‘நில், இது புத்தகத்தின் கடைசிப் பக்கம்’ என்று ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான். விளம்பரத்தில் அசலுக்கு மரியாதை. கணக்குப் புத்தகத்தில் புரட்டும் கூலி மிச்சம். வாசகனுக்குப் பிடிபடாது என்றார்களே, பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் ஒரே சாயங்காலத்தில் பழகிக்கொண்டார்கள். வாசகனுக்குப் புரியாது என்று சொல்லும் பதிப்பாளரை நம்பாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை முறைதான் எழுதுவது!

சத்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது. மங்காவில் நிசப்தத்துக்கே ஒரு சத்தம் உண்டு: ‘ஷீன்’. காலி அறையின் மூலையில் அதை எழுதிவைப்பார்கள். ஆங்கிலக்காரர் அங்கே எதை எழுதுவார்? நெஞ்சு அடித்துக்கொண்டால் ‘தோகிதோகி’, மினுங்கினால் ‘கிராகிரா’, சுழன்றால் ‘குருகுரு’. நமக்குப் படபட, பளபள, கிறுகிறு. பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியம் சொன்ன இரட்டைக்கிளவிக் குடும்பத்தின் ஒன்றுவிட்ட உறவுபோல இருக்கிறது. உடனே பேராசிரியர் சுசுமு ஓனோவின் தமிழ்–ஜப்பானிய உறவுக் கொள்கையைத் தூக்கிக்கொண்டு யாரும் கடிதம் எழுதவேண்டாம். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. பழைய சண்டைக்கு மறுபதிப்பு கிடையாது.

புரட்டுவது ஒழிந்தாலும் தலைவலி ஒழியவில்லை. ஜப்பானிய வசனம் மேலிருந்து கீழ் இறங்குவதால் பலூன் புடலங்காய் மாதிரி நீளமாக, ஒல்லியாக இருக்கும். ஆங்கிலத்தையே அதில் உடைத்து உடைத்துத்தான் திணிக்கிறார்கள். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒற்றைச் சொல்லை அதில் எழுதிப் பாருங்கள், தெரியும்.

அடுத்தது புள்ளி. அச்சுக்கான மங்காவை பி4 தாளில் வரைவது வழக்கம். வார இதழில் அது ஏறக்குறைய ஆறில் ஐந்தாகச் சுருங்கும். அங்குலத்துக்கு 60 புள்ளி வரிசை கொண்ட தாளை ஒட்டியிருந்தால் இதழில் அது 72 வரிசை. சின்னப் புத்தகமாகும்போது இன்னும் நெருங்கும். அந்தப் புத்தகத்தை ஸ்கேன் செய்து, சாம்பல் நிறப் படமாக வைத்துக்கொண்டு, அளவையும் மாற்றினால் புள்ளி வரிசையும் ஸ்கேனரின் வரிசையும் மோதிக்கொள்ளும். கதாநாயகியின் கன்னத்தில் அலை அலையாகக் கோடு விழும். 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி), சாம்பலே இல்லாத வெறும் கறுப்பு வெள்ளையில் எடுக்கவேண்டும். எடுத்த பிறகு சுருக்கக் கூடாது. தாள் சாய்ந்திருந்தால் கம்ப்யூட்டரில் நிமிர்த்தவும் கூடாது, அதிலும் புள்ளி சிதறும். மறுபடி வைத்து எடுப்பதுதான் வழி. ‘கிராஃபிக் நாவல்’ என்று கௌரவப் பெயர் சூட்டி, கனத்த அட்டை போட்டு, உள்ளே கன்னமெல்லாம் கோடாக அச்சடிப்பவர்களைப் பற்றி எழுதினால் இந்த இதழ் போதாது.

கட்சுஹிரோ ஓட்டோமோவின் ‘அகிரா’ மங்காவைப் பாருங்கள். 1988இல் அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான மார்வெலின் எபிக் பிரிவு அதைப் புரட்டியது போதாதென்று வண்ணமும் பூசியது. ஸ்டீவ் ஓலிஃப் கம்ப்யூட்டரில் செய்த அந்த வண்ணம் அந்தக் காலத்துக்குப் பெரிய வித்தை, மறுக்கவில்லை. ஆனால் கறுப்பு வெள்ளையில் யோசித்த படம் அது. 2015இல் ஓட்டோமோவுக்கு அங்குலேமின் உச்ச விருது கிடைத்தது. 2017இல் வந்த ஆங்கிலப் பெட்டிப் பதிப்பில்தான் படம் வலமிருந்து இடமாக, ஜப்பானியச் சத்த எழுத்துகள் கைபடாமல் வந்தது. அதாவது ஆளுக்கு மரியாதை முதலில், பக்கத்துக்கு இரண்டு வருஷம் கழித்து.

பிரான்ஸ் கதை வேறு. 2021இல் 18 வயதுக்காரர்களுக்குக் கலாசாரச் செலவுக்கென்று ‘கல்ச்சர் பாஸ்’ என்ற பெயரில் அரசு 300 யூரோ கொடுத்தது. பிள்ளைகள் நேராக மங்கா அலமாரிக்குப் போனார்கள். பத்திரிகைகள் அதற்கு ‘மங்கா பாஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டன. அரசாங்கம் அவர்களுடைய பழைய நாடக மேதை மொலியேரை எதிர்பார்த்திருக்கும்.

அங்குலேமில் சிறந்த ஆல்பத்துக்கான விருதை முதலில் வாங்கிய மங்கா, 2007இல், ஷிகேரு மிசுகியின் ‘நோன்நோன்பா’. பப்புவா நியூ கினி பக்கத்து ரபவுலில், இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சில் இடக்கையை இழந்தவர் மிசுகி. அதன்பின் வாழ்நாள் முழுக்க வலக்கையால் வரைந்தார். அந்தப் போர்க்களத்தையும் தானே வரைந்திருக்கிறார். நல்லவேளை, அது ஆங்கிலத்துக்கு வரும்போது புரட்டும் வழக்கம் போய்விட்டிருந்தது. இல்லாவிட்டால் படம் போட்ட கையையே வெட்டியிருப்பார்கள்.