ராட்சத ஆப்பிரிக்க நத்தை: கேள்வி பதில்

கே: இது எப்படி நம் ஊருக்கு வந்தது?
சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. பென்சன் என்ற ஆங்கிலேயர் 1847-இல் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கொல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டார். அங்கிருந்து பரவியது.

கே: வெள்ளையடித்த சுவரில் ஏன் ஏறுகிறது?
சுண்ணாம்புக்காக. ஓடு வளரக் கால்சியம் வேண்டும். காலையில் சுவருக்குக் கிட்டே போய்ப் பாருங்கள், அரம் போன்ற நாக்கால் வளைந்து வளைந்து சுரண்டிய தடம் தெரியும். கோடையில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும், மழை விழுந்ததும் எழும். செத்துவிட்டதென்று குப்பையில் வீசாதீர்கள்.

கே: உப்பு தூவலாமா?
மண் கெடும், வேண்டாம். சாயங்காலம் ஈரச் சாக்கின் அடியில் பப்பாளி இலை வையுங்கள். விடிந்ததும் கையுறை போட்டுப் பொறுக்கி, வாளி உப்புக் கரைசலில் மூழ்கடித்துப் புதையுங்கள். உப்பு வாளியோடு நிற்கட்டும்.

கே: கல்லுப்பு தூவினால்?
மேலே சொல்லிவிட்டேன்.

கே: வாழைக்கு அடியில் மட்டும் கொஞ்சம் உப்பு?
கூடாது. தயவுசெய்து முந்தைய பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: குழந்தை கையில் எடுத்துவிட்டது.
சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். எலி நுரையீரல் புழு இதன் உடலில் இருக்கலாம். அது மூளை உறையைத் தாக்கும். கடும் தலைவலி, கழுத்து விறைப்பு வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள், நத்தையைத் தொட்டதையும் சொல்லுங்கள். மீண்டும் சொல்கிறேன்: வெறுங்கையால் தொடாதீர்கள்.

கே: நத்தையைத் தின்னும் நத்தை இருக்கிறதாமே, கொண்டுவரலாமே?
பசிபிக் கடலில் உள்ள மூரியா தீவில் 1977-இல் அதைத்தான் செய்தார்கள். இந்த ராட்சத நத்தையை ஒழிக்க ஓநாய் நத்தையை விட்டார்கள். அதுவோ, அந்தத் தீவில் மட்டுமே இருந்த சின்னஞ்சிறு பார்ட்டுலா மர நத்தைகளைத் தேடித் தேடித் தின்றது. பத்தே ஆண்டில் 7 இனங்களும் காட்டில் இல்லை. உயிரியல் பூங்காக்களில் காப்பாற்றி வளர்த்தவற்றின் வாரிசுகளை இப்போது திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

கே: அது தீவுக் கதை சார். இங்கே என் வாழைக்கன்று போகிறதே?
உங்கள் நஷ்டம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஓநாய் நத்தைக்கு உங்கள் வேலி தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் நத்தைகள் எத்தனையோ உண்டு. அவற்றுக்கு ஓடி ஒளியக் கால் கிடையாது. சாக்கும் பப்பாளி இலையும் மெதுவான வழிதான். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்து பொறுக்கினால் பலன் தெரியும்.

கே: கூடலூர். மழையில் நாலைந்து நத்தை பிடித்தோம், உடம்பு மட்டும் நல்ல சிவப்பு. வாளியில் கிடக்கிறது. உப்பு போடட்டுமா?
போடாதீர்கள்! ஓடு மெல்லியதா, உருண்டையா? அப்படியென்றால் அது இன்ட்ரெல்லா ஆம்புல்லா. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 1850-இல் அதற்குப் பெயர் வைத்தவரும் அதே பென்சன்தான். ஆப்பிரிக்க நத்தைக்குக் கூம்பு ஓடு, பழுப்புப் பட்டை. வாளியை இப்போதே எடுத்துப்போய், பிடித்த இடத்திலேயே ஈர இலைகளுக்கு நடுவே விட்டுவிட்டு வந்து சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.