பழைய ஸ்ரூடியோ காலத்துக் கமராமேன் உண்மையில் என்ன வேலை செய்தார்?

கேள்வி: "கிளிநொச்சியில் மூன்று பேர் சேர்ந்து குறும்படம் எடுக்கிறோம். அடுத்ததை 1940, 50களின் படங்கள் மாதிரிக் கறுப்பு வெள்ளையில் செய்ய ஆசை. அந்தக் காலத்துக் கமராமேன்கள் எப்படித் தொழிலுக்கு வந்தார்கள்? டைரக்டர் சொல்ல இவர்கள் கமராவை ஓடவிட்டதுதானே என்று எங்களோடு நிற்கிற ஒருவர் சொல்கிறார். சரியா?"

சரியில்லை, தம்பி. இந்தக் கதையைப் பல இடங்களில் கேட்டுச் சலித்துப்போனபடியால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்களிடம் ஒரு டிஜிட்டல் கமரா, இரண்டு எல்.ஈ.டி. லைற், ஒரு முக்காலி இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். எடுக்கும்போதே மொனிற்றரில் படம் தெரியும், பிழைத்தால் திரும்ப எடுப்பீர்கள். அவர்களுக்கு அந்த வசதி இல்லை. பிலிம் லாப்பில் கழுவி, பிரதி போட்டு, அடுத்த நாளோ அதற்குப் பிறகோ திரையில் ஓடினால்தான் என்ன எடுத்தோம் என்று தெரியும். செற்றில் நின்ற அத்தனை பேரிலும் நாளைக்கு என்ன தெரியப்போகிறது என்று இன்றைக்கே சொல்லக்கூடியவர் கமராமேன் ஒருவர்தான். டைரக்டர்கூட அவரின் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

பெரிய ஸ்ரூடியோக்களில் நின்ற மிச்சல் கமராவையே எடுங்கள். லென்ஸ் முன்னால் அசையாமல் நிற்கும். பின்னாலுள்ள உடலைப் பக்கவாட்டில் தள்ளினால் பிலிம் ஓடுகிற வாசல் விலகி, லென்ஸுக்கு நேர் பின்னால் ஒரு பார்வைக் குழாய் வந்து நிற்கும். அதில் பார்த்து சட்டகத்தையும் ஃபோகஸையும் சரிசெய்துவிட்டு, உடலைத் திரும்பத் தள்ளிப் பூட்டவேண்டும். பூட்டிய கணத்திலிருந்து லென்ஸ் வழியாக யாரும் பார்க்க முடியாது. ஷொட் ஓடும்போது பார்ப்பது கமராவின் பக்கத்தில் பொருத்திய வேறொரு வியூஃபைண்டரில். அது லென்ஸிலிருந்து சில அங்குலம் தள்ளி இருப்பதால், தூரத்துக் காட்சியில் பிரச்சினையில்லை, நெருக்கக் காட்சியில் சட்டகம் பிசகும். ஒவ்வொரு தூரத்துக்கும் அதன் சாய்வைத் திருத்தவேண்டும். திருத்தாமல் விட்டால் வியூஃபைண்டரில் நடுவில் நின்ற முகம் திரையில் ஓரத்துக்குப் போயிருக்கும்.

ஷொட் ஓடும்போது ஃபோகஸ் பிடித்தது கண்ணால் அல்ல, அளவு நாடாவால். கமராவின் உடலில் பிலிம் நிற்கிற தளத்துக்கு ஒரு அடையாளம் இருக்கும். அதிலிருந்து நடிகரின் கண் வரைக்கும் அளந்து, நிற்கவேண்டிய இடங்களைச் சோக்கால் தரையில் கீறி, அந்த அளவுக்கெல்லாம் லென்ஸ் வளையத்தில் குறி போட்டு, நடிகர் நடக்க நடக்க உதவியாளர் வளையத்தைத் திருப்புவார். 50 மில்லிமீற்றர் லென்ஸ், எஃப் 2.8 (லென்ஸ் துளையின் அளவு), ஆறு அடித் தூரம் என்றால் முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறத்தாழ ஏழு அங்குலம்தான் கூர்மையாக நிற்கும். நடிகை கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தால் மூக்கு தெளிவாகவும் கண் மங்கலாகவும் வரும்.

எப்படித் தொழிலுக்கு வந்தார்கள் என்று கேட்டீர்கள். பெரும்பாலும் ஸ்ரூடியோவில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்து கீழிருந்து ஏறினார்கள். கமரா ஸ்ரூடியோவின் சொத்து, லைற்றும் அப்படியே. புதுப் பெடியனுக்கு முதல் வேலை இருட்டறையில். ஆயிரம் அடிச் சுருளை முழு இருட்டில், கை உணர்வை மட்டும் நம்பி, கமராவின் பிலிம் பெட்டியான மகசீனில் ஏற்றவேண்டும். ஒலிப்படம் செக்கனுக்கு 24 சட்டகம், நிமிடத்துக்கு 90 அடி. ஆகவே ஆயிரம் அடி பதினொரு நிமிடம்தான். கமராவுக்குள் பல்சக்கரத்துக்கும் வாசலுக்கும் இடையில் பிலிம் ஒரு வளைவாகத் தளர்ந்து நிற்கவேண்டும். வளைவு சிறுத்தால் படம் துள்ளும், இல்லாவிட்டால் பிலிம் கிழியும். பெருத்தால் கமராவின் சுவரில் உரசிக் கீறல் விழும், இரைச்சல் ஒலிப்பதிவிலும் ஏறும். நல்ல ஷொட் முடிந்ததும் வாசலைத் திறந்து மயிரோ பிலிமிலிருந்து உரிந்த துகளோ ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால் மரக்குச்சியால்தான் எடுக்கவேண்டும், உலோகம் பட்டால் வாசல் கீறுப்பட்டு, பிறகு ஓடுகிற பிலிம் முழுக்கக் கோடு விழும். பார்க்காமல் விட்ட ஒரு மயிர் திரையில் கயிறு அளவுக்கு ஆடும்.

அப்போதைய பிலிம் நைட்ரேற். தீப்பிடித்தால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது, எரிவதற்கான ஒட்சிசனைத் தானே வெளிவிடும். 1950களின் தொடக்கத்தில்தான் கொடாக் அதை நிறுத்திவிட்டு முழுக்கப் பாதுகாப்பான பிலிமுக்கு மாறியது. அதுவரைக்கும் சுருள் தூக்கிய பெடியள் ஒவ்வொருவரும் கையில் நெருப்பைத்தான் தூக்கினார்கள்.

இருட்டறை, பிறகு ஃபோகஸ், பிறகு கமராவை இயக்குவது, கடைசியில்தான் லைற்றுக்குப் பொறுப்பு. சென்னை ஜெமினி ஸ்ரூடியோவில் ஒளிப்பதிவாளர் கமல் கோஷிடம் வேலை பழகிய ஏ. வின்சென்ற் 1954இல் 'நீலக்குயில்' படத்துக்கு ஒளிப்பதிவாளர், 1964இல் 'பார்கவி நிலையம்' படத்துக்கு டைரக்டர். கே. ராம்நாத்தும் கமராவிலிருந்து டைரக்ஷனுக்குப் போனவர். பொத்தான் அமத்துகிறவர்களாக இருந்திருந்தால் முதலாளிகள் ஒரு முழுப் படத்தைத் தூக்கி இவர்கள் கையில் கொடுத்திருப்பார்களா?

உங்கள் நண்பருக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். 1945இல் வந்த 'மீரா'வுக்காக டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜித்தன் பானர்ஜியும் எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்தைச் சாந்தில் வார்த்து வைத்து, மேலிருந்தும் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் லைற் போட்டு, எந்தக் கோணத்தில் அந்த முகம் எப்படி வருகிறது என்று பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே படப்பிடிப்புக்குப் போனார்கள். லைற்றைப் பற்றி இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று யோசித்திருக்கிறார்கள். இதில் ஓடவிட்டவர் யார், சொன்னவர் யார்?

"இது ஹொலிவூட் புத்தகம் பார்த்து எழுதியது" என்று கீழே ஒருவர் எழுதுவார். மிச்சல் அமெரிக்கக் கமரா, டெப்ரி பிரெஞ்சுக் கமரா, பிலிம் கொடாக்கினது. பொருள் ஒன்றென்றால் கணக்கும் ஒன்றுதான், கோடம்பாக்கத்தில் நின்றாலும் மாறாது. "வன்னிக்கு இதில் என்ன?" என்று இன்னொருவர் கேட்பார். முதல் சிங்களப் பேசும்படம் 1947இல் மதுரையில், சித்ரகலா ஸ்ரூடியோவில்தான் எடுக்கப்பட்டது. 1956இல் 'ரேகாவ' என்ற சிங்களப் படம் வந்தபோது ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக் ஸ்ரூடியோவை விட்டு வெளியில், கிராமத்து வெயிலில் கமராவை வைத்தார். இரண்டு வழியும் இந்த நாட்டுக்குச் சொந்தம். ஸ்ரூடியோ இல்லாத உங்களுக்கு இரண்டாவது வழி கைக்கெட்டின தூரத்தில் இருக்கிறது.

இனி நீங்கள் செய்யவேண்டியது.

கறுப்பு வெள்ளையில் நிறம் கைகொடுக்காது. சிவப்புச் சேலையும் பச்சைச் சட்டையும் ஒரே சாம்பலாக விழலாம். ஆளையும் பின்னணியையும் பிரிப்பது வெளிச்சம் மட்டும்தான். அதனால்தான் பின்லைற் அவ்வளவு முக்கியம். இரண்டு லைற்றில் ஒன்றை முகத்துக்கு 45 பாகையில், கண்மட்டத்துக்கு மேலே வையுங்கள். மற்றதை நிரப்புவதற்கு வீணாக்காமல் பின்னால் உயரத்தில் வைத்துத் தலைமயிரிலும் தோளிலும் விழவிடுங்கள், லென்ஸுக்குள் அடிக்காதபடி கறுப்பு மட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள். நிழற்பக்கத்தை நிரப்ப ஒரு வெள்ளை றெஜிபோம் தகடு போதும், கிட்டக் கொண்டுபோனால் நிழல் இளகும், தள்ளினால் இறுகும்.

அளவு சொல்கிறேன். ஏ.எஸ்.ஏ. 50 (இன்றைய ஐ.எஸ்.ஓ. மாதிரி ஒளியுணர்வின் அளவு) பிலிமுக்கு, எஃப் 2.8இல், முகத்தில் 200 புட் கண்டில் வெளிச்சம், இன்றைய அளவில் 2150 லக்ஸ் தேவைப்பட்டது. அந்தச் சூட்டில்தான் பாட்டும் வசனமும் நடந்தன. உங்கள் கமராவை ஐ.எஸ்.ஓ. 200, எஃப் 2.8, ஷட்டர் 1/50 என்று வைத்தால் 540 லக்ஸ் காணும். போனிலுள்ள லக்ஸ் மீற்றர் திருத்தமாக இராது, ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட உதவும். வெளிச்சப் பக்கம் 540, நிழற்பக்கம் 270 என்றால் 2:1, குடும்பக் கதைக்கும் நகைச்சுவைக்கும் சரி. நிழற்பக்கம் 135 என்றால் 4:1. 70க்குக் கீழே இறக்கினால் 8:1, எஸ். மாருதிராவ் 1954இல் 'அந்த நாள்' படத்தில் போட்டது மாதிரியான துப்பறியும் கதைக்குரிய இருட்டின் பக்கம் போவீர்கள்.

வெள்ளை வேட்டியில் கவனம். அதன் மேல் லைற் விழுந்தால் மடிப்பெல்லாம் அழிந்து வெறும் வெள்ளைத் திட்டாக எரியும், முகம் அதற்குப் பக்கத்தில் கறுத்துப்போகும். அந்தக் காலத்தில் வெள்ளைத் துணியை இலேசாகச் சாயம் ஏற்றித்தான் செற்றுக்கு அனுப்பினார்கள். நீங்கள் பால் சேர்க்காத பிளேன்ரீயில் முக்கி எடுத்து உலர்த்துங்கள். காய்ந்த பிறகு கிறீம் நிறத்தில் நின்றால் காணும், திரையில் அது வெள்ளையாகவே தெரியும்.

வெளியில் எடுக்கும்போது அவர்கள் மஞ்சள் வடிகட்டி போட்டு ஒரு ஸ்ரொப் (ஒவ்வொரு ஸ்ரொப்புக்கும் வெளிச்சம் இரட்டிப்பு) கூட்டுவார்கள், வானம் கொஞ்சம் இருண்டு மேகம் எழும்பும். சிவப்புப் போட்டால் மூன்று ஸ்ரொப், நீல வானம் கறுப்பாகும். ஆனால் சிவப்பு வடிகட்டி உதட்டையும் நெற்றிக் குங்குமத்தையும் வெளுக்கவைத்துவிடும். அதற்கு முந்தின, சிவப்பை உணராத ஓர்த்தோ பிலிமில் இது நேர்மாறு: பொட்டு கரி மாதிரி, வானம் வெறும் வெள்ளை. நீங்கள் கண்ணாடி வடிகட்டி வாங்கத் தேவையில்லை. நிறத்திலேயே எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது நீலத்தை இறக்குங்கள். இரணைமடுக் குளக்கட்டில் நடுப்பகல் வேண்டாம், கண்குழி இரண்டும் இருண்டுவிடும். காலை ஒன்பதுக்கு முதல், பின்னேரம் நாலுக்குப் பிறகு. பகலில் இரவு எடுப்பதென்றால் சூரியனை ஆளுக்குப் பின்னால் வைத்து, ஒன்றரை முதல் இரண்டு ஸ்ரொப் குறைத்து, வானத்தைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளுங்கள்.

இரட்டை வேடம் ஆசையென்றால் அதுவும் முடியும். 1940இலேயே 'உத்தமபுத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா இரண்டு பேராக வந்துவிட்டார். அந்தக் காலத்தில் இதற்குரிய ஒரு முறை, லென்ஸுக்கு முன்னால் பாதியைக் கறுப்பு மட்டையால் மறைத்து எடுத்து, கணக்குமானியைப் பார்த்து அதே சட்டகம் வரைக்கும் பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மட்டையை மறுபக்கம் மாற்றி இரண்டாம் தரம் ஓட்டுவது. கமரா ஒரு நூல் அசைந்தாலும் நடுவில் கோடு தெரியும். உங்களுக்குப் பின்னுக்குச் சுற்றும் வேலை இல்லை, ஆனால் முக்காலியில் மணல் மூட்டை கட்டி, ஃபோகஸ், ஐ.எஸ்.ஓ., நிறச் சமநிலை எல்லாவற்றையும் தானியங்கியிலிருந்து எடுத்துப் பூட்டவேண்டும்.

இடையில் மனதிலுள்ள ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய படங்களை இணையத்தில் ஏற்றுகிறவர்கள் தொடக்க எழுத்தை வெட்டிவிட்டு ஏற்றுகிறார்கள். நடிகர் பெயரும் பாடகர் பெயரும் தலைப்பில் வந்துவிடும், ஒளிப்பதிவாளரின் பெயர் இருந்த ஒரே இடம் அந்த எழுத்துத்தான். அதோடு 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்து, மேலும் கீழும் அறுத்து, பற்றாததற்கு நிறமும் பூசுகிறார்கள். அளந்து வைத்த சட்டகத்தை அறுக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? எங்கள் ஊரிலும் இதே மனப்போக்குத்தான். கலியாண வீட்டில் விடிய நாலு மணிக்கு வந்து நிற்கிற வீடியோக்காரப் பெடியனுக்குக் கடைசிப் பந்தியில்தான் சாப்பாடு, மிச்சக் காசுக்கு மாதக்கணக்கில் அலைச்சல். அந்தப் பெடியளில் பலருக்கு இருட்டு மண்டபத்தில் ஒற்றை லைற்றோடு முகம் பிடிக்கிற கை இருக்கிறது. உங்கள் படத்துக்கு ஆள் தேடினால் அவர்களில் ஒருவரைக் கேளுங்கள்.

கடைசியாக மின்சாரம். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவு எல்.ஈ.டி. லைற்கள் அதன் இரட்டிப்பு வேகத்தில் மினுங்கும். செக்கனுக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் தெரியாது. 24இல் எடுத்தாலும் ஷட்டர் 1/50 ஆகவே இருக்கட்டும். சிறிய ஜெனரேற்றரில் ஓடினால் சுமை ஏறி இறங்க அந்த எண்ணும் ஆடும், மினுக்கம் திரும்ப வரும். அப்படியான நாளில் பட்டறியில் ஓடுகிற லைற்றைப் பாவியுங்கள், ஜெனரேற்றரை ஒலிவாங்கிக்குக் கேட்காத தூரத்தில் சார்ஜ் போடுவதற்கு மட்டும் வையுங்கள்.